இந்தக் கதையில் தொட்டி வைக்கவில்லை

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. வேறு கௌரவமான காரணம் ஏதாவது சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். சுற்றுச்சூழல், பொது ஒழுக்கம், குடிமக்களின் கடமை என்று பெரிய பெரிய வார்த்தைகள் வரிசையில் வந்து நின்றன. ஒன்றும் உண்மையில்லை. என் மனைவிக்குப் பொறாமை வந்தது. அது எதன்மேல் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் எனக்கும் பொறாமை வந்தது. கதை அவ்வளவுதான், மீதி எல்லாம் குப்பை.

குப்பை என்று சும்மா சொல்லவில்லை, கதையே அதைப் பற்றித்தான். பூங்காவுக்கும் காட்டுக்கும் வந்து போகிறவர்களுக்குக் குப்பைத் தொட்டி வைக்க வேண்டுமா, கூடாதா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டில் இதனால் நாள்கணக்கில் பேச்சு நின்றுபோயிருக்கிறது.

இன்னொன்று. இந்தக் கதையில் வருகிற கணவன் நான்தான். அதைக் கடைசிவரை ஒளித்துவைத்து, 'அந்தக் கணவன் வேறு யாருமல்ல' என்று திறந்து காட்டும் வித்தை எனக்கும் தெரியும். ஆனால் பிழைப்புக்கு நான் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களை எழுதுகிறவன். பக்க விளைவுகளை முன்கூட்டியே சொல்லிவிடுவது தொழில் பழக்கம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பனி விலகும் நேரத்தில், ஊர் ஓரத்துக் காட்டின் வாசலில் கண்காணிப்பாளர் தன்னுடைய —'

விட்டுவிட்டேன். பனி விலகும் நேரத்தில் தொடங்குகிற கதைகளை நானே படிக்கமாட்டேன்.

'அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவர் பொறுப்பில் இருந்த காட்டில் பேருக்குக்கூட ஒரு குப்பைத் தொட்டி —'

இதிலும் சங்கடம். பதவியில் இருக்கிறவரை 'அவர்' என்று எழுதவேண்டும், கட்டிய மனைவியை அப்படி எழுதினால் சிரிப்பார்கள். 'அவள்' என்றே எழுதுகிறேன். அவள் மனசுக்குள் புகுந்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்று கதையைச் சொல்வதாகத் திட்டம். எவ்வளவு தூரம் போகிறது, பார்ப்போம்.

[ஓரத்தில், பென்சிலில்: வயசு எதுக்கு?]

இந்தப் பென்சில் யாருடையது என்று சொல்லவேண்டும். எழுதிய தாள்களை மேசைமேல் விட்டுவிட்டுப் போனால் அவள் படித்து ஓரத்தில் எழுதிவிடுகிறாள். கிழித்துப் போடலாம் என்றால் என் அறையில் குப்பைத் தொட்டி கிடையாது. காட்டிலிருந்து தொட்டிகளை எடுத்த அதே வாரம் என் மேசைக்கு அடியில் இருந்ததையும் எடுத்துவிட்டாள்.

"தொட்டி பக்கத்துல இருந்தா யோசிக்காம எழுதுவீங்க," என்றாள். "இல்லேன்னா யோசிச்சு எழுதுவீங்க."

அதனால்தான் இந்தக் கதையில் அரைகுறை வாக்கியங்கள் அங்கங்கே கிடக்கின்றன. பார்த்து நடந்து வாருங்கள்.

3

அவளுடைய காடு பெரிய காடு இல்லை. ஒரு சுற்று நடந்தால் காலைச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அவள் பொறுப்பேற்றபோது அங்கே தொட்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால் தொட்டிக்குள் இருந்ததைவிடத் தொட்டியைச் சுற்றிக் கிடந்ததுதான் அதிகம். காகம் இழுக்கும், நாய் இழுக்கும், அவை விட்டதைக் காற்று இழுக்கும். நிரம்பி வழிகிற தொட்டியின் தலையில் இன்னொரு பையை வைத்துவிட்டு, ஏதோ தர்மம் செய்ததுபோலக் கையைத் தட்டிக்கொண்டு போவார்கள். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் எல்லாத் தொட்டிகளையும் பிடுங்கிவிட்டாள். வாசலில் ஒரு பலகை மட்டும் வைத்தாள்: கொண்டு வந்ததைக் கொண்டு போங்கள்.

"தொட்டியைப் பார்த்தாலே மனுஷனுக்குக் கை அரிக்கும்," என்பாள். "அது கண்ணுல படாத வரைக்கும் அவன் குப்பை அவன் குப்பை. கண்ணுல பட்டுடுச்சுன்னா அது என் குப்பை."

ஆரம்பத்தில் மரக்கிளைகளில் பைகள் தொங்கின. ஊரே திட்டியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, திட்டிக்கொண்டே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகப் பழகினார்கள். காட்டில் காலடியில் சருகு மட்டும்தான் இருந்தது. அவளுக்கு அதில் இருந்த பெருமை இருக்கிறதே, பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கினால்கூட அவ்வளவு வராது.

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லவேண்டும். ஒரு கைக்குழந்தைக்காரி குழந்தைக்கு மாற்றிய ஈர டயப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, இதையும் மடியில கட்டிக்கிட்டா நான் பஸ் ஏறணும்?" என்று கேட்டாள். என் மனைவி கையை நீட்டி வாங்கிக்கொண்டு வந்து வீட்டுத் தொட்டியில் போட்டாள். இப்படி அடுத்தவர்களுடைய எத்தனையோ எங்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன.

அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், நகரசபைக் குப்பை வண்டி ஓட்டுகிறவன். அவனுக்கு இதில் கட்சி கிடையாது.

"தொட்டி வெச்சா எனக்கு வேலை, வெக்காட்டி உனக்கு வேலை," என்பான். "ஜனங்களுக்கு என்னிக்கும் லீவுதான்க்கா."

4

கதைக்கு ஒரு வில்லி வேண்டும். காட்டுக்கு எதிரே, பெரிய சாலையைத் தாண்டினால் ஏரிப் பூங்கா இருக்கிறது. அதன் பொறுப்பாளரை எல்லோரும் சிட்டு என்று கூப்பிடுவார்கள். முப்பது வயசு, கால் தரையில் பாவாத நடை. குப்பை இடுக்கியை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து எல்லாம் என் மனைவியிடம் கற்றுக்கொண்டவள்தான். ஏரிப் பூங்காவுக்குப் போன முதல் வருஷமே அங்கே தொட்டிகளை வைத்தாள். சாதாரணத் தொட்டிகள் இல்லை. பச்சைத் தவளைகள். வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும், எதையாவது போட்டால் பேசும்.

"நன்றி! மறுபடியும் வாங்க!"

அது சிட்டுவின் சொந்தக் குரல், பதிவு செய்து வைத்திருக்கிறாள். தவளையைப் பேச வைப்பதற்காகவே பிள்ளைகள் அடுத்தவன் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். பத்திரிகையில் படம் வந்தது. நகரசபையில் மாலை போட்டார்கள். 'காட்டிலும் இப்படி வைத்தால் என்ன?' என்று ஒருவர் கேட்டார், இன்னொருவர் ஆமோதித்தார், அதற்கு ஒரு கூட்டமே போடுவது என்று முடிவாகிவிட்டது. என் மனைவிக்குக் காதில் புகை வந்தது.

(சிட்டுவைக் கெட்டவளாக எழுத இரண்டு முறை முயன்றேன். 'அவள் சிரிப்பில் விஷம் —' என்று ஒன்று. 'அக்கா அக்கா என்று அழைத்தபடியே அடிமடியில் —' என்று இன்னொன்று. இரண்டும் நிற்கவில்லை. அவள் நல்ல பெண். அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவள்மேல் பொறாமைப்பட்டால் ஊர் சேர்ந்துகொள்ளும், நல்லவள்மேல் பட்டால் தனியாக உட்கார்ந்து வேகவேண்டியதுதான்.)

5

இப்போது கணவன். இவனைப் பற்றி எழுதும்போது கை கூசுகிறது.

'கணவன் நல்லவன், மனைவியின் கொள்கைக்குத் துணையாக —'

இல்லை. 'கணவன்' என்று எழுதுவதே பொய்வேஷமாக இருக்கிறது. 'நான்' என்றே எழுதுகிறேன். திட்டம் கெட்டது கெட்டதுதான்.

ஒரு பெண்ணுக்குப் போட்டியாக வருகிறவளைச் சக்களத்தி என்கிறோம். ஒரு ஆணுக்குப் போட்டியாகக் காடு வந்தால் அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. நான் மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். ஒரு வாரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் என் புதுக் கண்ணாடியை நேராகப் பார்த்துக்கொண்டே, "மூணாவது வளைவுல நிக்கிற மரத்துக்குப் பட்டை உரியுதுங்க," என்றாள். மரத்துக்குப் பட்டை உரிந்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

நானும் தினமும் காலையில் அவள் காட்டுக்குத்தான் நடக்கப் போவேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்பேன்.* தோலைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். இத்தனை வருஷமாக என் சட்டைப் பைகள் எல்லாம் ஆரஞ்சு மணக்கும். ஒருநாள்கூட யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

ஒரு காலையில் சாலையைத் தாண்டி ஏரிப் பூங்காவுக்குப் போனேன். ஏன் என்று மறைக்கமாட்டேன். அவளுக்கு எரியவேண்டும். என்மேல் அவளுக்கு ஒரு பொறாமையாவது வரவேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து பழத்தைத் தின்றேன், பக்கத்துத் தவளை வாயில் தோலைப் போட்டேன். "நன்றி! மறுபடியும் வாங்க!" என்றது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது. மறுநாளும் போனேன்.

* ஏன் ஆரஞ்சு, வாழைப்பழம் இல்லையா என்று கேட்பவர்கள் வாழைப்பழத் தோலை ஒருநாள் சட்டைப் பையில் வைத்துப் பார்க்கவும். தோல்தானே, மண்ணில் மக்கிவிடுமே என்று நானும் ஒருமுறை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "மக்குற வரைக்கும் யார் பார்த்துக்கிட்டு இருக்கிறதாம்?" என்றாள்.

6

மற்ற மனைவிகள் புருஷன் சட்டையில் புது வாசனை வந்தால் சந்தேகப்படுவார்கள். இவள் வழக்கமான வாசனை வராததால் கண்டுபிடித்தாள். துவைக்கப் போட்ட சட்டையை எடுத்து, பைக்குள் கைவிட்டு, விரலை மோந்து பார்த்தாள். பிறகு சட்டையோடு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, காட்டுக்குப் போகலையா?"

"போகலை."

"எதிர்ப்பக்கமா?"

"ஆமா."

"தொட்டியில போட்டீங்களா?"

"போட்டேன்."

"நன்றி சொல்லுச்சா?"

"சொல்லுச்சு."

அவள் முகம் சிறுத்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு கொண்டாட்டம். வந்துவிட்டது, வரவேண்டியது வந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் கேட்டாள்:

"தொட்டி நிரம்பியிருந்துச்சா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். யாரோடு பேசினாய், யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், ஒன்றும் இல்லை. எரிகிற கொள்ளியில் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்று, "சிட்டு வந்து உட்கார்ந்தா. 'அத்தான், டீ குடிங்க'ன்னு வாங்கிக் குடுத்தா," என்றேன்.

"காகிதக் கோப்பையிலயா?"

"ஆமா."

"அதையும் தொட்டியிலயா போட்டீங்க?"

அத்தோடு மூன்று நாள் பேச்சு நின்றது. நான் ஏரிப் பூங்காவுக்குப் போவதை நிறுத்தவில்லை.

[பென்சிலில்: கோப்பை மட்டுமா கேட்டேன்? சர்க்கரை போட்டாளான்னும் கேட்டேன். அதை ஏன் விட்டுட்டீங்க?]

உண்மைதான், கேட்டாள். எனக்குச் சர்க்கரை ஆகாது. அதை எழுதினால் என் வயிற்றெரிச்சலுக்கு நியாயம் குறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் டீயில் சர்க்கரை என்பதும் ஒரு கண்காணிப்பாளர் கேட்கிற கேள்விதான் என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது.

7

இந்தப் பகுதியில் நான் இல்லை. மச்சான் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் விடிந்தும் விடியாமலும் மச்சான் ஏரிப் பூங்காவுக்கு வண்டியைக் கொண்டுபோனான். வேலிக்கு அந்தப் பக்கம் அவனுடைய அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு தவளையின் இரண்டு காதையும் பிடித்தாள். (தவளைக்குக் காது உண்டா என்று கேட்டேன். "ஏதோ பிடிச்சா மாமா, விடுங்க," என்றான்.) ஒரே தள்ளு. தவளை கவிழ்ந்து, வயிற்றில் இருந்தது எல்லாம் புல்லில் கொட்டியது. விளையாடிய ஊர்ப்பிள்ளைகள், காகிதம், புட்டி, மிச்சம் மீதி எல்லாம்.

('விளையாடிய ஊர்ப்பிள்ளைகள்' எப்படி அங்கே வந்தார்கள் என்று தெரியவில்லை. வேறு ஏதோ வாக்கியத்திலிருந்து காற்றில் வந்து விழுந்திருக்கிறார்கள். அடித்துவிடுங்கள்.)

திட்டம் புரிகிறது. காலையில் நடக்க வருகிறவர்கள் பார்க்கட்டும், தொட்டி வைத்தால் இதுதான் கதி என்று மறுநாள் கூட்டத்தில் பேச்சு வரட்டும். தள்ளிவிட்டு அவள் போயிருந்தால் காரியம் கச்சிதமாக முடிந்திருக்கும். ஆனால் அவளால் போக முடியவில்லை. நாலு அடி வைத்தாள், திரும்பிப் பார்த்தாள். தரையில் குப்பை கிடக்கிறது. இன்னும் இரண்டு அடி. மறுபடி திரும்பினாள். வாழ்நாளெல்லாம் பொறுக்கிய கை சும்மா இருக்குமா? குனிந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். அப்புறம் ஒன்று. தவளையை நிமிர்த்தி வைத்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.

"நன்றி! மறுபடியும் வாங்க!"

ஒவ்வொரு முறையும் சிட்டுவின் குரல். "நன்றி! மறுபடியும் வாங்க!" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டே இருந்தாள். மச்சான் ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துச் சிரித்தானாம். அந்த நேரம் பார்த்து சிட்டு வந்தாள். தள்ளியதை அவள் பார்க்கவில்லை, பொறுக்கியதை மட்டும் பார்த்தாள். ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டதாம்.

மச்சான் அத்தோடு நிறுத்தவில்லை.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பூங்காவுல எங்க பார்த்தாலும் தவளை. வாசல்லயே ஒண்ணு இருக்கு. அதையெல்லாம் தாண்டி உள்ளே வந்து, நீங்க உக்கார்ற பெஞ்சு பக்கத்துல இருக்கிறதைத்தான் தள்ளினா."

"வாசல்ல இருந்தா யாராவது பார்த்துடுவாங்கன்னு நெனச்சிருப்பா."

"இருக்கலாம். ஆனா எல்லாத்தையும் தொட்டியில போட்டவ ஆரஞ்சுத் தோலை மட்டும் போடலை. எடுத்துத் தன் பையில வெச்சுக்கிட்டா."

அன்று சாயங்காலம் ஆணியில் தொங்கிய அவளுடைய வேலைச் சட்டைப் பையில் கைவிட்டு விரலை மோந்து பார்த்தேன். ஆரஞ்சு. அது என் தோல்மேல் இருந்த உரிமையா, இல்லை என் தோல்கூடச் சிட்டுவின் தவளைக்குப் போகக்கூடாது என்ற வீம்பா? இந்தக் கதையில் எனக்கு வேண்டியது இந்த ஒரு பதில்தான். காட்டில் தொட்டி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

[பென்சில் இந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. 'வராவிட்டால் என்ன' என்பதற்கு அடியில் மட்டும் ஒரு கோடு, தாள் கிழிகிற அளவுக்கு.]

8

கூட்டத்தில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் சிட்டு பேசினாள். காட்டில் தொட்டி வேண்டுமா என்பது பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எங்க அக்காவைப் பத்தித்தான் சொல்லணும்," என்றாள். "தொட்டியே வேண்டாம்னு சொல்றவங்க, விடியக்காலையில யாருக்கும் தெரியாம எங்க பூங்காவுக்கு வந்து, காத்துல விழுந்த தொட்டியை நிமிர்த்தி, குப்பையைப் பொறுக்கிப் போட்டாங்க. நான் என் கண்ணால பார்த்தேன். அவங்க எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

கைதட்டல். மச்சான் கூரையைப் பார்த்தான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான். என் மனைவி எழுந்து மைக் முன்னால் போனாள். இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: அவள் கும்பிட்டுவிட்டு உட்காருகிறாள். பாராட்டு நிலைக்கிறது, காட்டில் தொட்டி வேண்டாம் என்று தீர்மானமாகிறது, வாழ்நாள் முழுவதும் அவளுக்குத் தொண்டையில் முள்.

இரண்டாவது: அவள் அழுகிறாள், சிட்டுவைக் கட்டிக்கொள்கிறாள், காட்டு வாசலில் ஒரே ஒரு தொட்டி என்று சமரசம் —

[பென்சிலில்: நான் யாரையும் கட்டிக்கலை.]

மூன்றாவது, நடந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"காத்துல விழலை," என்றாள். "நான்தான் தள்ளிவிட்டேன். பொறுக்கினது கைப்பழக்கம்."

மண்டபத்தில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. சிட்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தின் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதட்டாமல், வீட்டுப் பெரியவர் கேட்பதுபோலக் கேட்டார்:

"ஏம்மா தள்ளிவிட்டீங்க?"

அவள் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

9

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கோழைத்தனம்தான். 'தொட்டி வைத்தால் என்ன கதி என்று காட்டத்தான்' என்று அவள் சொல்லியிருந்தால், அத்தனை பேர் நடுவில் அதை என்னால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. இன்னொரு பதிலைச் சொல்லியிருந்தால், அதை அத்தனை பேர் என்னோடு சேர்ந்து கேட்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. படியில் நின்று ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றேன். தோலைப் போட அக்கம்பக்கம் தொட்டி இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தொட்டி வைப்பதா என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அதை மச்சான்தான் வெளியே வந்து சொன்னான்.

"அக்கா என்ன சொன்னான்னு சொல்லட்டுமா மாமா?"

"வேண்டாம்."

"நிஜமாவா?"

"போய் வண்டியை எடு."

பின்னாலேயே அவள் வந்தாள். நேராக வந்து என் சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஆரஞ்சுத் தோலை எடுத்து, மோந்து பார்த்து, தன் பையில் போட்டுக்கொண்டாள்.

இங்கே முடித்திருக்கலாம். கல்யாண வீட்டுப் புகைப்படம் மாதிரி அழகாக இருந்திருக்கும். ஆனால் அவள் இரண்டு படி இறங்கினாள். அங்கே எவனோ டீ குடித்துவிட்டுப் போட்ட ஒரு காகிதக் கோப்பை கிடந்தது. குனிந்து எடுத்தாள். உள்ளே இருந்த சொட்டைக் கவிழ்த்து உதறினாள். நசுக்கி, அதே பையில், என் தோலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். என் தோலை எடுத்த அதே கை, அதே பக்குவம். முகம் தெரியாத அந்தக் கோப்பைக்காரன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்," என்றாள்.

தலைவருக்கு அவள் சொன்ன பதிலை எழுதுவதற்காக இந்தத் தாளில் கீழே நாலு வரி இடம் விட்டு, பக்கத்தில் பென்சிலையும் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பென்சிலைக் கூர்தீட்டி வைத்திருந்தாள். வரிகள் காலியாகவே இருந்தன. மச்சானுக்குப் பதில் தெரியும், கேட்டால் சொல்வான், நீங்கள் வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கப்போவதில்லை.

மூன்று முடிவுகளும், பாதியில் விட்ட வாக்கியங்களும், எங்கிருந்தோ வந்த அந்த ஊர்ப்பிள்ளைகளும் இங்கேயேதான் கிடக்கிறார்கள். வாசல்வரை தேடிப் பார்த்தாலும் இந்தக் கதையில் ஒரு தொட்டி கிடைக்காது. உங்களுக்கு என்ன சந்தேகம் வந்ததோ, அதை நீங்களே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். இங்கே விட்டுவிட்டுப் போனால் அவள் வந்து குனிந்து எடுப்பாள், அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.